வால்வுக்குப் பின்னால் உள்ள தசை: மாத்தளை நோயாளருக்கு எக்கோ எதைச் சொல்ல முடியும்?

இரண்டு பேருக்குப் பெருநாடி வால்வு மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வயது கிட்டத்தட்ட ஒன்று. சுருங்கிப்போன பழைய வால்வின் அளவும் ஒன்று. பொருத்தப்பட்ட புதிய வால்வும் ஒரே வகை. ஆறு மாதத்தில் ஒருவர் எல்கடுவைப் பக்கத்து மேட்டுப் பாதையில் நின்று நின்றாவது ஏறிவிடுகிறார். மற்றவருக்கு லயத்து வாசலிலிருந்து தண்ணீர்ப் பீலி வரை போய்வருவதற்குள் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, மறுபடியும் வைத்தியசாலை வாசம். புது வால்வில் எந்தக் கோளாறும் இல்லை. அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது? சத்திரசிகிச்சைக்கு முன்பே இதைக் கண்டிருக்க முடியாதா?

முடியும் என்பதுதான் கடந்த சில பத்தாண்டு ஆய்வுகளின் விடை. ஆனால் வால்வை மட்டும் பார்த்தால் தெரியாது. அதன் பின்னால் பல ஆண்டுகள் சுமை தூக்கிய இதயத் தசையையும் பார்க்க வேண்டும். மாத்தளை போன்ற ஒரு மாவட்டத்துக்கு இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எதிர்காலத்தைச் சொல்லும் தகவலில் மிகவும் பயன்படக்கூடிய பகுதி பெருநகரத்து விலையுயர்ந்த கருவிகளிடம் மட்டும் இல்லை. சாதாரண எக்கோ பரிசோதனைக்குள்ளேயே கிடக்கிறது. அதை முழுதாக அளந்து எழுதுகிறோமா, உரிய வேளையில் நோயாளரைக் கண்டிக்கு அனுப்புகிறோமா என்பதே இங்கு எழும் கேள்வி.

நெடுங்காலம் பேசாத நோய்

இடது இதயவறையிலிருந்து இரத்தம் உடலுக்குப் புறப்படும் வாசலில் இருப்பது பெருநாடி வால்வு. வளர்ந்தவர் ஒருவரில் அது முழுதாகத் திறக்கும்போது 3 முதல் 4 சதுர சென்றிமீற்றர் வழி கிடைக்கும். அந்த வழி 1 சதுர சென்றிமீற்றருக்கும் கீழே போனால் கடுமையான சுருக்கம் என்கிறார்கள். காரணங்கள் மூன்று. முதலாவது, வயது ஏற ஏற வால்வின் இதழ்களில் சுண்ணாம்பு படிந்து அவை இறுகுவது. இரண்டாவது, மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டோடு பிறப்பது. மக்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி அமைகிறது; அவர்களுக்குச் சுருக்கம் பத்து இருபது ஆண்டுகள் முந்தியே வந்துவிடும். மூன்றாவது, சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல். இதில் பெருநாடி வால்வோடு, இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வும் பழுதாவது வழக்கம். மேற்கு நாடுகளில் மூன்றாவது காரணம் அருகிவிட்டது; தெற்காசியாவில் இன்னும் கணக்கில் எடுக்க வேண்டியதாகவே இருக்கிறது.

இந்நோயின் போக்கை 1968இல் ஜோன் ரொஸ், இயூஜின் பிரௌன்வால்ட் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் ஒரு வரைபடமாக வரைந்து காட்டினார்கள். பல ஆண்டுகள் கோடு ஏறக்குறைய மட்டமாகவே போகிறது. நோயாளருக்கு எதுவும் தெரிவதில்லை. பிறகு மூன்று அறிகுறிகளில் ஒன்று தலைகாட்டுகிறது: நெஞ்சு வலி, மயக்கம், மூச்சிரைப்பு. அந்த இடத்தில் கோடு செங்குத்தாகச் சரிகிறது. சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் நெஞ்சு வலி வந்தவருக்குச் சராசரியாக 5 ஆண்டும், மயக்கம் வந்தவருக்கு 3 ஆண்டும், இதயம் செயலிழந்து மூச்சிரைப்பு வந்தவருக்கு 2 ஆண்டுமே ஆயுள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அறிகுறி வரும்வரை காத்திரு, வந்ததும் வால்வை மாற்று என்ற மருத்துவ விதி அந்த வரைபடத்தை ஒட்டி நிலைபெற்றது. அரை நூற்றாண்டு அது ஆண்டது.

கோடு மட்டமாக இருந்த அந்த ஆண்டுகளில் இதயத்துக்குள் எதுவும் நடக்கவில்லையா என்பதை அறிய உள்ளே பார்க்கும் வழி வேண்டியிருந்தது.

கப்பல் பட்டறையிலிருந்து வந்த கண்

1953 ஒக்ரோபரில் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய வைத்தியரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும் துடிக்கும் இதயத்தின் அசைவை ஒலியலை கொண்டு முதன்முறையாகப் பதிவு செய்தார்கள். முதலில் ஹெர்ட்ஸ் சோதித்துப் பார்த்த கருவி மால்மோ நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் உலோக இணைப்புகளில் பிளவு இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்தது. அந்த முயற்சியின் பிள்ளைதான் இன்று எக்கோ என்று ஊர்ச் சனம் வரை தெரிந்த பரிசோதனை.

எக்கோவுக்கு எண்களில் பேசக் கற்றுக்கொடுத்தது 1970களின் பிற்பகுதியில் நோர்வேயில் நடந்த ஆய்வு. லிவ் ஹாட்லெயும் அவருடைய சகாக்களும் டொப்ளர் முறையில் இரத்தம் பாயும் வேகத்தை அளந்து, அதிலிருந்து வால்வின் இரு புறத்து அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடலாம் என்று நிறுவினார்கள். கணக்கு மிக எளிது. வேகத்தை அதனாலேயே பெருக்கி, வந்ததை நான்கால் பெருக்க வேண்டும். விநாடிக்கு 4 மீற்றர் வேகம் என்றால் 4ஐ 4ஆல் பெருக்கி 16. அதை மறுபடி 4ஆல் பெருக்கி 64 மில்லிமீற்றர் பாதரசம். அதாவது பெருநாடியில் 120 என்ற அழுத்தம் இருக்க, இதயவறைக்குள் கிட்டத்தட்ட 180 தேவைப்படுகிறது. அதுவரை இதயத்துக்குள் குழாய் செருகி அறிந்ததை இப்போது நெஞ்சின் மேல் களிம்பு தடவி அறிய முடிந்தது. விநாடிக்கு 4 மீற்றர் வேகம், சராசரி அழுத்த வேறுபாடு 40, வால்வின் பரப்பு 1 சதுர சென்றிமீற்றர் ஆகிய மூன்றும்தான் இன்றுவரை கடுமையான சுருக்கத்தின் எல்லைக் கோடுகள்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. வேகம் வால்வை மட்டும் பொறுத்ததல்ல. தள்ளும் தசையின் வலுவையும் பொறுத்தது. தசை தளர்ந்துவிட்டால் வால்வு எவ்வளவு இறுகியிருந்தாலும் வேகம் 4ஐத் தொடாது. பதிவேட்டில் ‘நடுத்தரச் சுருக்கம்’ என்று எழுதப்படும். உண்மையில் அவர்தான் எல்லோரையும்விட அவசரமானவர். சுவர் தடித்து அறை குறுகிப்போனவர்களில், இதயம் சுருங்கும் விதம் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைந்துவிடுவதுண்டு. ஆகவே வேகம், பரப்பு, துடிப்புக்கு வெளியேறும் இரத்தத்தின் அளவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அங்கேதான் விசாரணை தொடங்க வேண்டும்.

பின்னோக்கிப் பரவும் சேதம்

வெளியே போகும் வாசல் இறுகியதும் இடது இதயவறையின் சுவர் தடிக்கிறது. தொடக்கத்தில் இது நன்மைதான். கூடுதல் அழுத்தத்தைத் தாங்க உடல் செய்யும் ஏற்பாடு. ஆனால் தடித்த தசைக்கு அதற்கேற்ற இரத்த ஓட்டம் கிடைப்பதில்லை. தசை இழைகளுக்கிடையே நார் படிகிறது; சில இடங்களில் இழைகள் செத்துத் தழும்பாகின்றன. இறுகிய அறை நிரம்ப மறுக்கும்போது அதன் பின்னாலுள்ள இடது சோணையறை விரிகிறது. துடிப்பு ஒழுங்கு தவறுகிறது. அங்கிருந்து அழுத்தம் நுரையீரல் இரத்தக் குழாய்களுக்கு ஏறுகிறது. கடைசியில் வலது பக்க இதயமும் களைக்கிறது. வாய்க்காலின் மடை அடைத்துக்கொண்டால் முதலில் பக்கத்து வயலும் பிறகு அதற்கு மேலுள்ள வயல்களும் முழுகுவது போலத்தான் இதுவும்: அடைப்பு ஓரிடத்தில், அழிவு பின்னோக்கிப் படிப்படியாக.

இந்தப் படிகளை வரிசைப்படுத்தி எண்ணிட்டவர் பிலிப் ஷெனெரூ. 2017இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, வால்வு மாற்றப்பட்ட 1,661 பேரின் சத்திரசிகிச்சைக்கு முந்திய எக்கோவை மீண்டும் வாசித்தது. எந்தச் சேதமும் இல்லாதவர் பூச்சியம். இடது இதயவறையோடு நின்றவர் 1. இடது சோணையறை அல்லது மைட்ரல் வால்வு வரை போனவர் 2. நுரையீரல் இரத்தக் குழாய்கள் அல்லது வலது பக்க ட்ரைகஸ்பிட் வால்வு பாதிக்கப்பட்டவர் 3. வலது இதயவறையே தளர்ந்தவர் 4. வால்வு மாற்றிய ஓராண்டுக்குள் இறந்தவர்களின் வீதம் இந்த வரிசையிலேயே ஏறியது: 4.4, 9.2, 14.4, 21.3, 24.5 சதவீதம். எல்லோருக்கும் வால்வு மாற்றப்பட்டிருந்தது. வேறுபட்டது அவர்கள் எந்தப் படியில் வந்து சேர்ந்தார்கள் என்பதே. பூச்சியத்தில் வந்தவர்கள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. பாதிப்பேர் இரண்டாம் படியில் இருந்தார்கள்.

பின்னால் வந்த ஆய்வொன்று, வால்வு மாற்றிய ஓராண்டுக்குப் பிறகு படி எப்படி மாறுகிறது என்று பார்த்தது. ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கே படி இறங்கி நிலைமை தேறியது. பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கால்வாசிப் பேரிடம் சேதம் இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. வாசலைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை இந்த எண்கள் அசைக்கின்றன.

இந்தப் படிகளைக் கண்டறிய வேண்டிய அளவுகள் எவை என்று பார்ப்பது நமக்கு முக்கியம். இதயவறைச் சுவரின் தடிப்பு, அறை நிரம்பும் அழுத்தத்தின் அடையாளங்கள், சோணையறையின் கொள்ளளவு, மைட்ரல் கசிவு, ட்ரைகஸ்பிட் கசிவு, நுரையீரல் நாடி அழுத்தம், வலது இதயவறையின் அசைவு. இவை எல்லாமே எக்கோவில் கிடைப்பவை. சோணையறை ஒழுங்கின்றித் துடிப்பதை இ.சி.ஜி. காட்டிவிடும். எம்.ஆர்.ஐ. தேவையில்லை, சாயம் ஏற்றும் ஊசி தேவையில்லை.

ஏமாற்றும் எண்ணும் ஏமாற்றாத அசைவும்

எக்கோ அறிக்கை கையில் கிடைத்ததும் எல்லோரும் முதலில் தேடும் எண் ஒன்று உண்டு. ஒரு துடிப்பில் இடது இதயவறையிலுள்ள இரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்று சொல்லும் ஈ.எஃப். 60 என்றிருந்தால் நோயாளரும் நிம்மதியடைகிறார், வைத்தியரும் நிம்மதியடைகிறார். பெருநாடிச் சுருக்கத்தில் இந்த நிம்மதி பல வேளை பொய். சுவர் தடித்த சிறிய அறை கொஞ்சம் சுருங்கினாலே வீதம் நன்றாக வந்துவிடும். இந்த எண் 50க்குக் கீழே இறங்கும்போது தசை நெடுந்தூரம் போய்விட்டிருக்கும். ஐரோப்பிய வழிகாட்டிகள் அறிகுறி இல்லாதவர்களுக்கும் 50க்குக் கீழ் என்றால் வால்வை மாற்றச் சொல்கின்றன. 55க்குக் கீழ் என்றாலே யோசிக்கச் சொல்கின்றன.

முதலில் நோவது இதயத்தின் உட்புறத்திலுள்ள, நீளவாக்கில் ஓடும் இழைகள். துடிப்பின்போது இதயத்தின் அடித்தளத்தை நுனியை நோக்கி இழுப்பவை இவைதான். ஆகவே இதயம் நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தால் ஈ.எஃப். மாறுவதற்கு முன்பே சேதம் தெரிந்துவிடும். இதைப் புள்ளி புள்ளியாகத் தொடர்ந்து கணக்கிட மென்பொருள் வந்திருக்கிறது. நலமான இதயம் நீளவாக்கில் 20 சதவீதம் அளவு சுருங்கும். அறிகுறி எதுவும் இல்லாமல் ஈ.எஃப். நன்றாகவே இருக்கும் நோயாளரிடமும் இது 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறப்பு அபாயம் உயர்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள்.

அந்த மென்பொருள் இல்லாத வைத்தியசாலையில் என்ன செய்வது? மைட்ரல் வால்வின் வளையம் ஒரு துடிப்பில் எத்தனை மில்லிமீற்றர் கீழே இறங்குகிறது என்று அளக்கலாம். பழைய எக்கோ கருவியிலும் கோடு போட்டு அளக்கக்கூடியது அது. வலது பக்கத்திலும் அதே வேலையை ட்ரைகஸ்பிட் வளையத்தில் செய்யலாம். 17 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வலது இதயவறை தளர்ந்திருக்கிறது. நுணுக்கத்தில் மென்பொருளுக்கு ஈடாகாது. ஆனால் அளக்காமல் விட்ட துல்லியமான எண்ணைவிட அளந்து எழுதிய எளிய எண் நோயாளருக்கு உதவும்.

தழும்பு மறைவதில்லை

தசைக்குள் படிந்த நாரையும் தழும்பையும் நேரடியாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. கடோலினியம் என்ற சாயத்தை ஊசியில் ஏற்றிச் சில நிமிடங்கள் கழித்துப் படம் எடுத்தால், நலமான தசையிலிருந்து சாயம் கழுவிப்போய்விடும். தழும்பு உள்ள இடத்தில் தங்கி வெள்ளையாகத் தெரியும். பிரித்தானியாவின் ஆறு மையங்களில் 674 பேரை வால்வு மாற்றுவதற்கு முன் இப்படிப் படமெடுத்துப் பின்தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஏறக்குறைய பாதிப்பேரிடம் தழும்பு இருந்தது. பின்தொடர்ந்த காலத்தின் இடையமான 3.6 ஆண்டுகளில் தழும்பு உள்ளவர்களில் 26.4 சதவீதத்தினரும் இல்லாதவர்களில் 12.9 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். தழும்பு, தசையில் ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் இறப்பு அபாயம் 11 சதவீதம் ஏறியது.

அதே ஆண்டு லண்டன் ஆய்வாளர்கள் 116 பேரை வால்வு மாற்றுவதற்கு முன்னும் ஓராண்டுக்குப் பின்னும் படமெடுத்துப் பார்த்தார்கள். தடித்த தசை மெலிந்திருந்தது. இழைகளுக்கிடையே பரவலாகப் படிந்திருந்த நாரும் குறைந்திருந்தது. ஆனால் தழும்பு அப்படியே இருந்தது. ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இதில் பெரும்பகுதி விடை கிடைக்கிறது. சுமையை இறக்கியதும் மீளக்கூடிய சேதம் ஒன்று உண்டு. மீளாத சேதம் ஒன்று உண்டு. வால்வு மாற்றப்படும் நாளில் எது எவ்வளவு இருக்கிறது என்பதே பின்னால் நடப்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

முன்கூட்டி அறிவது வேறு, முந்திச் செயல்படுவது வேறு

தழும்பு கெட்ட அறிகுறி என்றால், அறிகுறி இல்லாதவரிடமும் தழும்பு தெரிந்த உடனேயே வால்வை மாற்றிவிடலாமே? நியாயமான எண்ணம். எடின்பரோவை மையமாகக் கொண்டு நடந்த ‘இவோல்வ்ட்’ என்ற சோதனை இதையே சோதித்தது. கடுமையான சுருக்கமும் தசையில் தழும்பும் உள்ள, அறிகுறி இல்லாத 224 பேரைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேருக்கு உடனே வால்வு மாற்றம். மற்றவர்களுக்கு வழக்கமான கண்காணிப்பு. 2024இல் வந்த முடிவில் இறப்பும் திடீர் வைத்தியசாலை அனுமதியும் சேர்ந்த கணக்கு முதல் அணியில் 18 சதவீதம், இரண்டாவதில் 23 சதவீதம். அந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்காது என்று சொல்லப் புள்ளிவிவரம் இடங்கொடுக்கவில்லை. சோதனை சிறியது என்பதும் உண்மை. ஓராண்டில் மூச்சிரைப்பு முதலிய தொல்லைகள் முதல் அணியில் குறைவாக இருந்தன என்பதும் உண்மை. ஆனாலும் பாடம் தெளிவு: ஒரு படம் எதிர்காலத்தைச் சரியாகச் சொல்வதாலேயே, அதை வைத்து எடுக்கும் முடிவு அந்த எதிர்காலத்தை மாற்றிவிடும் என்று ஆகாது.

மறுபக்கம், தழும்பைப் பாராமலே முந்தி மாற்றுவதைச் சோதித்தவர்களும் உண்டு. கொரியாவில் மிகக் கடுமையான சுருக்கம் கொண்ட 145 பேரிடம் நடந்த சோதனை 2020இல் முந்திய சத்திரசிகிச்சைக்குச் சாதகமாக முடிந்தது: சத்திரசிகிச்சை மரணமும் இதய நோய் மரணமும் 1 சதவீதத்துக்கு எதிராக 15 சதவீதம். 2024இல் வெளியான ‘ஏர்லி டாவர்’ சோதனையில் அறிகுறியற்ற 901 பேர் சேர்ந்தார்கள். இறப்பு, பக்கவாதம், திடீர் அனுமதி மூன்றும் சேர்ந்த கணக்கு முந்தி மாற்றியவர்களில் 26.8 சதவீதம், காத்திருந்தவர்களில் 45.3 சதவீதம்; வேறுபாட்டில் பெரும்பங்கு திடீர் அனுமதிகளால் வந்தது. காத்திருந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பின்னர் வால்வு மாற்ற நேர்ந்தது. ஆகவே 1968இன் ‘காத்திரு’ என்ற விதி தளர்ந்துவருகிறது. நாள் பார்த்துக் கண்காணிக்க வசதி உள்ள இடத்தில் காத்திருக்கலாம். இல்லாத இடத்தில் காத்திருப்பதே ஆபத்து.

மாத்தளையில் இதன் பொருள்

2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி மாத்தளை மாவட்டத்தில் 4,84,531 பேர் வாழ்ந்தார்கள். தெற்கில் ரயில் பாதை முடியும் மாத்தளை நகரம். ஏ9 வீதியோரம் நாவுலையும் தம்புள்ளையும். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் லக்கலையும் வில்கமுவையும். ரத்தோட்டை, எல்கடுவை மலைகளில் தோட்டத் தமிழர். நகரத்திலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர்தான். மாவட்டத்தின் கிழக்கு எல்லையிலிருந்து அது ஒரு நாள் பயணம். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வருபவருக்கு வால்வு மாற்றம் தேவைப்பட்டால் அடுத்த பெரிய வாசல் கண்டி தேசிய வைத்தியசாலை. சிகிச்சை இலவசம். ஆனால் அரச வைத்தியசாலைகளில் இதயச் சத்திரசிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் நீளம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் வந்த மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர்களின் வெளிநாட்டுப் பயணமும் இலங்கை முழுவதையும் பாதித்தன.

மேலே சொன்ன ஆய்வுகளை இந்த நிலத்துக்குக் கொண்டுவரும்போது மூன்று இடங்களில் மாற்றி யோசிக்க வேண்டும்.

முதலாவது, அறிகுறி. “மேடு ஏறினா மூச்சு வாங்குது” என்று தோட்டத்தில் ஒருவர் சொன்னால் வீட்டாரின் பதில் பெரும்பாலும், “வயசாச்சுல்ல.” அவர் மேடு ஏறுவதைக் குறைத்துக்கொள்கிறார்; தொல்லையும் குறைகிறது. கிளினிக்கில் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். ஏட்டில் அவர் அறிகுறி இல்லாதவர். மேற்கத்திய சோதனைகள் அறிகுறியின்மையை உறுதிப்படுத்த நடைப்பட்டை இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தன. மலைத்தோட்டத்தில் வாழ்பவரிடம் அந்தச் சோதனையை வாழ்க்கையே நாள்தோறும் நடத்துகிறது. கேட்கும் விதத்தில் கேட்டால் போதும். ‘மூச்சு வாங்குகிறதா?’ என்பதைவிட, ‘போன வருடம் எந்த மலை வரை கொழுந்து எடுத்தீர்கள், இந்த வருடம் எதை விட்டுவிட்டீர்கள்?’ என்று கேட்பது உண்மையைக் கொண்டுவரும்.

இரண்டாவது, சிறுநீரகம். வட மத்திய மாகாணத்தில் விவசாயிகளைத் தாக்குவதாக 1990களில் அடையாளம் காணப்பட்ட, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் அந்த மாகாண எல்லையோடு நிற்கவில்லை. மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவையும் அதனால் பாதிக்கப்பட்ட பகுதி. சிறுநீரகம் பழுதானவரிடம் வால்வில் சுண்ணாம்பு வேகமாகப் படியும். வால்வு மாற்றிய பின் தேறுவதும் கடினம். படம் எடுப்பதிலும் அது குறுக்கே நிற்கிறது. நெஞ்சைத் திறக்காமல் தொடை நாடி வழியாக வால்வு பொருத்துவதற்கு முன் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் ஏற்றும் அயடின் சாயம் சிறுநீரகத்துக்குச் சுமை. எம்.ஆர்.ஐ.யில் ஏற்றும் கடோலினியத்தின் பழைய வகைகள் சிறுநீரகம் செயலிழந்தவரின் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் கொடிய நோயைத் தந்தன என்று 2006 முதல் தெரியவந்தது. புதிய வகைகளில் அந்த அபாயம் மிகச் சிறிது. இதனால் வில்கமுவை விவசாயிக்குப் பரிசோதனைகளின் வரிசையே மாறுகிறது. சாயம் தேவைப்படாத எக்கோ முதலில். எக்கோவில் வேகமும் பரப்பும் ஒத்துப்போகாமல் ஐயம் நீடித்தால், சாயம் ஏற்றாத சி.டி. ஸ்கேனில் வால்வின் சுண்ணாம்பை அளக்கலாம். ஆணுக்கு 2,000 புள்ளிகளையும் பெண்ணுக்கு 1,200 புள்ளிகளையும் தாண்டினால் சுருக்கம் கடுமையானதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பெண்களின் வால்வு, சுண்ணாம்பு குறைவாக இருந்தாலும் நார் படிந்தே இறுகிவிடுவதால் இந்த வேறுபாடு. வாதக் காய்ச்சலால் பழுதான வால்வுக்கு இந்தப் புள்ளிக் கணக்கு பொருந்தாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, உடலின் அளவு. பெருநாடி வாசல் சிறியவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, பொருத்தப்படும் வால்வு அவர்களுடைய உடலுக்குப் போதாமல் போகலாம். பழைய சுருக்கம் நீங்கிப் புதிய சிறு சுருக்கம் வந்துசேர்கிறது. ஷபுதீன் ரஹிம்தூலா என்ற இதய வைத்தியர் இந்தச் சிக்கலை 1978இலேயே சுட்டிக்காட்டினார். உடலின் பரப்பில் ஒரு சதுர மீற்றருக்கு 0.85 சதுர சென்றிமீற்றர் திறப்பாவது கிடைக்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. வால்வின் வளையத்தை முன்கூட்டி அளந்து, நோயாளரின் உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால் சத்திரசிகிச்சைக்கு முன்பே இதைக் கணக்கிட்டு, வேறு வகை வால்வைத் தேர்ந்தெடுக்கலாம்.

அனுப்புவதற்கா, தள்ளிவிடுவதற்கா?

வளம் குறைந்த இடத்தில் முன்கணிப்பு இரண்டு விதமாகப் பயன்படலாம். யாரை முந்தி அனுப்ப வேண்டும் என்று காட்டலாம். யாருக்குச் செய்து பயனில்லை என்று தள்ளிவிடவும் சாட்டாகலாம். நான்காம் படியில் உள்ளவர்களில் கால்வாசிப் பேர் ஓராண்டில் இறந்தார்கள் என்ற எண்ணைத் தனியே வைத்துப் பார்த்தால் இரண்டாவது பயன்பாடு நியாயம்போலத் தோன்றும். ஆனால் வால்வு மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதோடு ஒப்பிட்டே அந்த எண்ணைப் படிக்க வேண்டும். திறந்த சத்திரசிகிச்சையைத் தாங்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்களிடம் நடந்த ‘பார்ட்னர்’ சோதனை 2010இல் வெளியானது. தொடை நாடி வழியாக வால்வு பெற்றவர்களில் ஓராண்டில் 30.7 சதவீதம் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு நின்றவர்களில் 50.7 சதவீதம். மிக மோசமான நிலையில் இருந்தவர்களிடையேதான் ஐந்து பேருக்குச் செய்ததில் ஓர் உயிர் கூடுதலாகத் தப்பியது. நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாக வால்வு பொருத்துவதை அலென் கிரிபியே 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் முதன்முறை செய்தார்; அந்த முறை இன்று இலங்கையிலும் செய்யப்படுகிறது. செலவுதான் பெரிய தடை.

ஆகவே படி உயரமாக இருப்பது மறுப்பதற்குக் காரணமாகாது. நோயாளருக்கும் வீட்டாருக்கும் உண்மையைச் சொல்வதற்கும், சத்திரசிகிச்சைக்குப் பின் கூடுதல் கவனத்தோடு மருந்தும் கண்காணிப்பும் திட்டமிடுவதற்கும் அது காரணம். “வால்வ மாத்திட்டா பழையபடி மலைக்குப் போகலாமா, டொக்டர்?” என்ற கேள்விக்கு முதலாம் படியில் ஒரு பதில், மூன்றாம் படியில் இன்னொரு பதில். இரண்டும் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டியவை. காத்திருப்புப் பட்டியலிலும் பெயர் பதிந்த நாளோடு இந்தப் படியையும் சேர்த்தால், ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறிக்கொண்டிருப்பவரை மீளக்கூடிய காலத்துக்குள் மேசைக்குக் கொண்டுவரலாம்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. எக்கோ அறிக்கைப் படிவத்தில் வால்வின் வேகம், பரப்பு, ஈ.எஃப். ஆகியவற்றோடு சில வரிகள் கூடினால் போதும்: துடிப்புக்கு வெளியேறும் இரத்தம், சுவரின் தடிப்பு, சோணையறையின் கொள்ளளவு, மைட்ரல் வளையத்தின் அசைவு, ட்ரைகஸ்பிட் கசிவு, நுரையீரல் நாடி அழுத்தம், வலது இதயவறையின் அசைவு. கடைசியில் ஒரு வரி: சேதத்தின் படி எது. வால்வு மாற்றித் திரும்பியவருக்கு முதல் மாதத்திலும் ஓராண்டிலும் அதே படிவத்தை மாத்தளையிலேயே நிரப்ப வேண்டும். முதல் மாதத்து அளவு இல்லாவிட்டால் பின்னால் வால்வு பழுதாகும்போது ஒப்பிட எதுவும் இருக்காது. வால்வைச் சுற்றி இரத்தம் கசிகிறதா என்பதும் அப்போதே தெரியும். அந்தக் கசிவு நடுத்தரத்தைத் தாண்டினால் ஆயுளைக் குறைக்கிறது என்பது உறுதியான கண்டுபிடிப்பு.

இக்கட்டுரையில் வந்த எண்களில் பெரும்பாலானவை வட அமெரிக்க, ஐரோப்பிய நோயாளரிடமிருந்து வந்தவை. ஷெனெரூவின் ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் எண்பதை ஒட்டிய வயதினர். ஐம்பது வயதில் இரண்டு இதழ் வால்வோடு வரும் தம்புள்ளை வியாபாரிக்கும், வாதக் காய்ச்சலில் இரண்டு வால்வுகளும் பழுதான ரத்தோட்டைப் பெண்ணுக்கும், சிறுநீரகம் தளர்ந்த வில்கமுவை விவசாயிக்கும் அந்த வீதங்கள் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பொருந்துகிறதா என்று அறிய வழி ஒன்றே: ஒரே படிவத்தில் முன்னும் பின்னும் அளந்து, மாத்தளையிலும் கண்டியிலும் அதைச் சேர்த்து வைத்து, ஐந்தாண்டு கழித்து எண்ணிப் பார்ப்பது. அந்தப் பதிவேடு தொடங்கும் ஆண்டிலிருந்துதான் இம்மாவட்டத்து நோயாளருக்கு அவர்களுடைய இதயத்தைக் கொண்டே பதில் சொல்லத் தொடங்குவோம்.